கட்டை மாறினாலும் மட்டம் மாறாமல்

(உடுப்பிட்டியில் உயர்தர மாணவர்கள், இசை ஆசிரியர்கள், ஒலிபெருக்கித் தொழில் செய்வோர் ஆகியோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கணினியில் ஒலி உண்டாக்கும் நிரல்களை எழுதுவது என் தொழில். அதிலும் பெரும்பகுதி சுருதி மென்பொருளோடுதான் போகிறது. இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டதும் அதற்குள் இருக்கும் ஒரு கணக்குத்தான்.

ஒரு வீட்டில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குச் சாதகம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் சுருதி போகிறது. அண்ணன் ஒரு கட்டையில் பாடி முடித்து எழும்ப, தங்கை வந்து ஐந்து கட்டைக்கு மாற்றுகிறாள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் சுருதி சட்டென்று உரத்து விடுகிறது, அல்லது அமுங்கிப் போகிறது. பிள்ளை தன் குரலைக் கூட்டிக் குறைத்து அதற்கு ஈடுகட்டப் பார்க்கும். சுருதிக்குள் கரைந்து நிற்க வேண்டிய குரல் சுருதியோடு மல்லுக்கட்டத் தொடங்கினால் சாதகம் கெட்டுவிடும். இதை இசை ஆசிரியர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

தம்பூராவை மீட்டும் விரலுக்கு இந்தத் தொல்லை தெரியாது. தந்தி எப்படி ஒலிக்கிறது என்று காது சொல்ல, விரல் அதற்கேற்ப இளகியோ இறுகியோ கொள்ளும். 1979-இல் பெங்களூரில் ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த விரலின் வேலையையும் கருவியே பார்க்க வேண்டி வந்தது. இன்று கருவியும் போய், வெறும் நிரல் அந்த இடத்தில் இருக்கிறது. மீடிறன் மாறும்போது ஒலியின் மட்டம் எங்கே, எவ்வளவு சாய்கிறது என்று நாம் கணக்குப் பார்த்து எழுதினால் ஒழிய நிரலுக்கு அது தெரிய வழியில்லை.

என் கட்சி இதுதான்: மட்டம் எந்த இடத்தில் சாய்கிறதோ அந்த இடத்திலேயே அதை நிமிர்த்த வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஓர் ஈக்வலைசரை வைத்து ஒரேயடியாகச் சரிக்கட்டிவிடலாம் என்பது நடவாத காரியம். ஏன் நடவாது என்பதை இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

கணினிக்குப் போகுமுன் சைக்கிள் டைனமோவைப் பார்ப்போம். 1990-க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரிக்கும் தடை. பிபிசி தமிழோசை கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் தலையைப் பின் ரயரில் படவிட்டு, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். டயோட்டும் கொள்ளளவியும் வைத்து நேராக்கிய அந்த மின்னில் றேடியோ பேசும். வறுமையில் பிறந்த தந்திரம் என்றுதான் பலரும் அதை நினைவுகூருகிறார்கள். நான் அதை நல்ல பௌதிகவியல் பாடமாகவும் பார்க்கிறேன்.

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. சுற்றியிருக்கும் சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னியக்க விசை என்பது 1831-இல் பரடே கண்ட விதி. ரயர் இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றால் மின்னியக்க விசையும் இரண்டு மடங்கு. இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வகையீடு என்று உடனே விளங்கும். சைன் சார்பு ஒன்றை நேரத்தைக் குறித்து வகையிட்டால், மீடிறன் ஒரு பெருக்கமாக முன்னால் வந்து நிற்கும்.

அப்படியானால், இறக்கத்தில் வேகமாகப் போகும்போது சைக்கிளின் முன்விளக்கு எரிந்து கருகிப்போக வேண்டுமே? போவதில்லை. காரணம், அதே சுருளுக்குத் தூண்டுதிறனும் உண்டு. ஆடலோட்டத்துக்கு அது கொடுக்கும் தடங்கலும் மீடிறனோடு சேர்ந்து ஏறுகிறது. ஓட்டத்தைக் கணக்கிடும் பின்னத்தில் மேலேயும் மீடிறன், கீழேயும் மீடிறன். இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. ஓரளவு வேகத்தைத் தாண்டியதும் விளக்குக்குப் போகும் ஓட்டம் அரை அம்பியரை ஒட்டியே நிற்கும். டைனமோவில் 6 வோல்ற், 3 வாற் என்று பொறித்திருப்பது அந்த நிலையைக் குறித்துத்தான். மெதுவாக மிதிக்கும்போது விளக்கு மங்குகிறதே என்றால், அந்த வேகத்தில் சுருளின் தடங்கல் சிறிது. விளக்கின் தடையே மேலோங்கி நிற்கிறது. வெட்டுப்படுவதற்குக் கீழே போதிய மீடிறன் இல்லை.

றேடியோவுக்கு நிலைமை வேறு. அது எடுக்கும் ஓட்டம் மிகச் சொற்பம். ஓட்டம் சொற்பமானால் சுருளின் தடங்கலில் விழும் அழுத்தமும் சொற்பம். ஆகவே வேகம் கூடக்கூட அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். பெடல் சுற்றியவர் கையை ஒரே சீராக வைத்திருக்க வேண்டி வந்தது இதனால்தான். டைனமோ ஒன்றே; விளக்கைக் கொடுத்தால் மட்டம் தானாக நிற்கிறது, றேடியோவைக் கொடுத்தால் ஆள் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. சாய்வு பிறந்த அந்தச் சுருளுக்குள்ளேயே எதிர்ச்சாய்வும் வேலை செய்தபடியால் விளக்கு தப்பியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிரலுக்கு வருவோம்.

1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் என்பவர் தன்னுடைய முதலாவது இசை நிரலை ஐ.பி.எம். 704 கணினியில் ஓட்டினார். வந்தது 17 வினாடி இசை. அன்று தொட்டு இன்றுவரை அடிப்படை மாறவில்லை. கணினிக்கு ஒலி என்பது வரிசையாக வரும் எண்கள். இப்போது பெரும்பாலும் வினாடிக்கு 48,000 எண்கள்.

சதுர அலையை உண்டாக்குவது மிகச் சுலபம். அரைச் சுற்றுக்கு +1, அடுத்த அரைச் சுற்றுக்கு −1. ஆனால் அது சுருதிக்குக் கரடு. அதை மென்மையாக்க ஒரு வழி, வரும் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போவது, அதாவது தொகையிடுவது. +1 வரும்வரை கூட்டுத்தொகை ஏறும், −1 வரும்வரை இறங்கும். முக்கோண அலை கிடைத்துவிடும்.

இனி எண்களைப் பாருங்கள். ஒரு கட்டை மத்திய ஷட்ஜத்தின் மீடிறன் ஏறத்தாழ 130.8 ஹேர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 367 எண்கள். அரைச் சுற்றில் ஒன்று ஒன்றாக 183 தடவை கூட்டுகிறோம். நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் அலையின் உச்சி 92. ஐந்து கட்டையில் ஷட்ஜம் 196 ஹேர்ட்ஸ். சுற்றுக்கு 245 எண்கள், உச்சி 61. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, வீச்சத்தில் மூன்றிலொரு பங்கு காணாமற்போய்விட்டது. டெசிபெல்லில் சொன்னால் மூன்றரை. ஒரே கட்டைக்குள் மந்தர ஷட்ஜத்திலிருந்து தார ஷட்ஜம் வரைக்கும் போனால் இழப்பு 12 டெசிபெல். ஸ்தாயிக்கு ஆறு ஆறாக இறங்குகிறது. டைனமோ வகையிட்டது, ஆகவே ஏறியது. இங்கே தொகையிடுகிறோம், ஆகவே இறங்குகிறது.

ஈடு என்ன என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். மீடிறனை நான்கால் பெருக்கி 48,000-ஆல் வகுத்து வரும் எண்ணால் பெருக்கிவிட்டால், எந்தக் கட்டையிலும் உச்சி 1 ஆகவே இருக்கும். இதுவரைக்கும் புத்தகத்தில் கிடைக்கும். இந்தப் பெருக்கலை எந்த இடத்தில் செய்வது, கூட்டுவதற்கு முன்னா, கூட்டி முடித்த பின்னா என்பதைத்தான் நின்று யோசிக்க வேண்டும்.

சுருதி அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும்வரை இரண்டு வழியும் ஒன்றுதான். கமகம் வந்தவுடன் குட்டு வெளிப்படும். ஒரு கட்டையில் ஷட்ஜத்தில் நின்ற ஒலி பஞ்சமத்துக்குத் தாவுகிறது, அதாவது 130.8-இலிருந்து 196 ஹேர்ட்ஸுக்கு. அந்தக் கணத்தில் கூட்டுத்தொகை உச்சியில், 92-இல் இருக்கிறது என்று வைப்போம். பெருக்கல் பின்னால் இருந்தால், பஞ்சமத்துக்குரிய புதிய எண் ஷட்ஜத்தில் சேர்ந்த பழைய 92-ஐப் பிடித்துப் பெருக்கும். வர வேண்டியது 1, வருவது ஒன்றரை. ஒலிபெருக்கியில் 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். அதோடு போகாது. பஞ்சமத்தின் அரைச் சுற்றில் கூட்டுத்தொகை 122 மட்டும்தான் இறங்கும். 92-இலிருந்து −30 வரை வந்து திரும்பிவிடும். அலை நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருக்கும்.

பெருக்கலை முன்னால் வைத்துப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு தடவையும் கூட்டப்படும் சிறு அளவே மீடிறனுக்கு ஏற்றதாக வருகிறது. மீடிறனைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது அலையின் அவத்தை. அரைச் சுற்று அவத்தை கடந்தால் கூட்டுத்தொகை −1-இலிருந்து +1-க்கு வந்தே தீரும். இடையில் மீடிறன் தாவட்டும், வழுக்கட்டும், தோடியின் காந்தாரம்போல அசைந்துகொண்டே இருக்கட்டும், மட்டம் அசையாது. பெருக்கலை ஒரு வரி மேலே தூக்கி வைத்ததற்குக் கிடைத்த பலன் இவ்வளவு. சாய்வு பிறக்கும் வாசலில் ஈட்டை வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

"தொகையீடு ஸ்தாயிக்கு 6 டெசிபெல் இறக்குகிறது என்றால், கடைசியில் ஸ்தாயிக்கு 6 டெசிபெல் ஏற்றும் ஓர் ஈக்வலைசரை வைத்துவிடலாமே" என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். நல்ல கேள்வி. விடை என்னவென்றால், தொகையீடு இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையில் மட்டத்தைச் சாய்க்கிறது. அது நமக்கு வேண்டாதது. ஒரே ஸ்வரத்துக்குள் இருக்கும் மேற்றொனிகளையும் சாய்க்கிறது. அது நமக்கு வேண்டியது, ஒலி மென்மையானதே அதனால்தான். ஈக்வலைசருக்கு இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அது மீடிறனை மட்டும் பார்க்கும். மேற்றொனிகளையும் சேர்த்து நிமிர்த்தி, முக்கோண அலையைத் திரும்பவும் சதுர அலையாக்கி உங்கள் கையில் தந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். ஸ்வரத்தின் அடிப்படை மீடிறன் எது என்று அறிந்த இடம் நிரலில் ஒன்றே ஒன்று. அது அலை பிறக்கும் இடம்.

எதிர்ப்புறச் சாய்வும் உண்டு. பின்லாந்தின் வெசா வலிமாக்கி 2005-இல் வெளியிட்ட ஒரு முறையில், இரம்பப் பல் போன்ற அலையை முதலில் வர்க்கித்து, பிறகு அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுக்கிறார்கள். உயர்ந்த ஸ்வரங்களில் வந்து சேரும் பொய்த் தொனிகள் இதனால் வெகுவாக அடங்கும். ஆனால் வித்தியாசம் எடுப்பது வகையீடு அல்லவா, ஆகவே வீச்சம் மீடிறனோடு ஏறுகிறது. அதற்கு ஈடு, நாம் மேலே பெருக்கிய அதே எண்ணால் வகுப்பது.

தம்பூராவுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1921-இல் சி. வி. இராமன் கல்கத்தாவிலிருந்து தம்பூரா, வீணை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு உள்ள மேற்றொனிகள் பிறக்கமாட்டா என்பது யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன விதி. தம்பூரா அதை மீறுகிறது என்று இராமன் காட்டினார். குதிரையின் வளைந்த முதுகும் அதன்மேல் வைக்கும் ஜீவா நூலும் தந்தியைப் பட்டும் படாமலும் உரசவிட்டு, இல்லாத மேற்றொனிகளையெல்லாம் எழுப்பிவிடுகின்றன. நம் முன்னோர் காதால் கண்டு செய்த வேலை இது. தம்பூராவின் வலு ஓர் அடிப்படைத் தொனியில் குவிந்து கிடக்கவில்லை, பல மேற்றொனிகளில் பரந்து கிடக்கிறது. இந்தச் செய்தி சற்றுப் பின்னால் நமக்குக் கைகொடுக்கும்.

மீட்டிய தந்தியைக் கணினியில் உண்டாக்க 1983-இல் கெவின் கார்ப்லஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் ஓர் அழகான வழியைச் சொன்னார்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை எண்களோ அத்தனை அறைகள் கொண்ட ஒரு வட்டம். அதில் கண்டபடி எண்களை நிரப்பிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து எண்களின் சராசரியை எடுத்துத் திரும்ப அங்கேயே இட வேண்டும். இரைச்சலாகத் தொடங்கியது கொஞ்ச நேரத்தில் தந்தி ஒலியாகக் கனிந்து மெல்ல அடங்கும். அடங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒன்றைவிடச் சற்றுச் சிறிய எண் ஒன்றால் சுற்றுக்கு ஒரு தடவை பெருக்குவார்கள்.

சாய்வு ஒளிந்திருப்பது அந்த எண்ணில்தான். பெருக்கல் சுற்றுக்கு ஒரு தடவை நடக்கிறது. மத்திய ஷட்ஜத் தந்தியான 130.8 ஹேர்ட்ஸ் சாரணியில் வினாடிக்கு 131 தடவை, 65.4 ஹேர்ட்ஸ் மந்தரத்தில் அதில் பாதி. சாரணி 6 வினாடியில் 60 டெசிபெல் அடங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் அந்த எண் 0.9912. அதையே மந்தரத் தந்திக்கும் போட்டுவிட்டால் மந்தரம் 12 வினாடிக்கு நீளும். அடுத்த மீட்டு வருவதற்குள் பழையது அடங்காது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மந்தரம் மற்ற மூன்று தந்திகளையும் மூடிவிடும். ஐந்து கட்டைக்குப் போனால் சாரணி 4 வினாடியில் செத்துவிடும். மீட்டுகளுக்கிடையில் பள்ளம் விழும். பாட்டுக்காரர் காதுக்கு இது மட்டம் ஏறி இறங்குவதாகப் படும், ஆனால் உண்மையில் சாய்ந்திருப்பது அடங்கும் நேரம். ஆகவே எண்ணை நிலையாக வைக்காமல், அடங்கும் நேரத்தை நிலையாக வைத்து ஒவ்வொரு தந்திக்கும் எண்ணைக் கணக்கிட வேண்டும். மந்தரத்துக்கு 0.9826, ஐந்து கட்டைச் சாரணிக்கு 0.9941 என்று வரும். மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட இருக்கின்றன பாருங்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் தம்பூராவின் நிறைவு நிற்கிறது. கடைசியில் வைக்கும் எந்தக் குமிழாலும் இதைத் திருப்பித் தர முடியாது. அடங்கிப்போன தந்தியை எவ்வளவு பெருக்கினாலும் பள்ளம் பள்ளம்தான்.

புல்லாங்குழலின் மூச்சொலியை எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். வெள்ளை இரைச்சலை ஒரு பட்டை வடிகட்டிக்குள் விட்டு, வடிகட்டியை ஸ்வரத்தோடு நகர்த்தினால், மேலே போகப்போகப் பட்டையும் அகலும், வலுவும் கூடும். ஸ்தாயிக்கு 3 டெசிபெல். மீடிறனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சரி.

இனிக் காது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெல் ஆய்வுகூடத்திலேயே 1933-இல் பிளெச்சர், மன்சன் இருவரும் காது எல்லா மீடிறனையும் ஒரேயளவாகக் கேட்பதில்லை என்று அளந்து காட்டினார்கள். இப்போதைய சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 226 படி, 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் தொனி எவ்வளவு உரப்பாகக் கேட்கிறதோ அவ்வளவு உரப்பாக 100 ஹேர்ட்ஸ் தொனி கேட்க வேண்டுமானால் 64 டெசிபெல் வேண்டும். 24 டெசிபெல் வித்தியாசம். வலுவில் இது 250 மடங்கு.

உடனே, "அப்படியானால் கீழ் ஸ்வரங்களை நிரலிலேயே 24 டெசிபெல் ஏற்றிவிடுவோம்" என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒலி உரத்தால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். 1000 ஹேர்ட்ஸில் 80 டெசிபெல் அளவுக்கு உரத்துக் கேட்கும்போது ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். பிள்ளை போனை மெதுவாக வைத்துக் கேட்கிறதா, ஆசிரியர் பெரிய பெட்டியில் வைத்து வகுப்பு முழுவதற்கும் போடுகிறாரா என்பது நிரலுக்குத் தெரியாது. காதின் சாய்வு காதில்தான் பிறக்கிறது, கேட்கும் உரப்பைப் பொறுத்துப் பிறக்கிறது. அதை அலை பிறக்கும் இடத்தில் நிரந்தரமாக எழுதிவைத்தால் ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குப் பிழையாகவும் முடியும். பழைய அம்பிளிபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கலாம். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது கீழ்த்தொனிகளை ஏற்றித் தரும் பொத்தான் அது. அதை வைத்த இடம் சரியான இடம், கேட்பவரின் கையருகில்.

இன்னொன்றும் உண்டு. அந்த வளைகோடுகள் தனிச் சைன் தொனிகளை வைத்து அளந்தவை. தம்பூரா தனித் தொனி இல்லை என்று இராமனிடமிருந்து கேட்டோம். 65 ஹேர்ட்ஸ் மந்தரத்தில் நாம் கேட்பதில் பெரும்பகுதி அதன் மேற்றொனிகள். அவை காது கூர்மையாக இருக்கும் பகுதியில் வந்து விழுகின்றன. சைன் அலையை வைத்துச் சோதித்துச் செய்யும் திருத்தம் தம்பூராவுக்கு மிஞ்சிப்போகும். எந்த ஒலிக்காகத் திருத்துகிறோமோ அந்த ஒலியை வைத்தே சோதிக்க வேண்டும்.

போனின் ஒலிபெருக்கி விரல் நகத்தளவு. சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே அதனால் காற்றைத் தள்ள முடியாது. ஒரு கட்டை ஷட்ஜத்தின் அடிப்படைத் தொனி போனில் அநேகமாக வெளியே வருவதே இல்லை. ஆனாலும் பிள்ளைக்கு ஷட்ஜம் கேட்கிறது. 260, 390, 520 என்று வரும் மேற்றொனிகளின் இடைவெளியைப் பிடித்து, அடிப்படை 130 என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. அதனால் போனில் அடிப்படைத் தொனியை ஏற்றுவது பயனற்ற வேலை மட்டுமில்லை. எண்களுக்கு இருக்கும் இடத்தை அது தின்றுவிடும், மேற்றொனிகள் நெருக்கப்பட்டு ஒலி பிளவுபடும்.

இதையே பெரிய அளவில் கோயில் வீதியில் பார்க்கலாம். சவுண்ட் சேர்விஸ் தம்பிமார் கவனித்துக் கேளுங்கள். செல்வச் சந்நிதி முருகனின் ஆவணித் திருவிழா என்றாலும் ஊர்ப் பிள்ளையார் கோயில் தேர் என்றாலும் ஹோர்ண் இல்லாமல் நடக்காது. தவிலின் வலந்தலை, கூடு போட்ட விரல்களால் எழும் அந்தக் கணீரென்ற ஒலி, ஹோர்ணில் எட்டு ஊருக்குப் போகும். கழியால் அடிக்கும் தொப்பியின் கும்மென்ற ஒலியோ மேளக்காரருக்கு அருகில் நிற்பவருக்குத்தான். ஹோர்ணின் நீளமும் வாயகலமும் விரிவும் அதற்கொரு கீழ் எல்லையை விதித்துவிடுகின்றன. அந்த மீடிறனுக்குக் கீழே ஒலி செங்குத்தாக விழும். யாழ்ப்பாணத்துத் தவில் என்றாலே தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லும் மண் இது. அந்த வாத்தியத்தின் பாதியை ஊருக்கு மறைத்துவிடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பாஸ் குமிழைத் திருப்புவது இதற்கு மருந்தல்ல. 10 டெசிபெல் ஏற்றினால் பத்து மடங்கு வலு. ஹோர்ண் அதை ஒலியாக்காது. அதன் மென்றகடு வெறுமனே துள்ளும், சுருள் சூடேறிக் கருகும். ஹோர்ணுக்குப் போகும் வழியில் கீழ்த்தொனிகளை வெட்டிவிட்டு, அவற்றை ஒரு பாஸ் பெட்டிக்குத் தனியே அனுப்புங்கள். இரண்டும் சந்திக்கும் மீடிறனில் மேடும் பள்ளமும் விழாமல் பார்க்க, திருவிழாவுக்கு முதல் நாள் வெறும் வீதியில் இளஞ்சிவப்பு இரைச்சலைப் போட்டு அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரேயளவு வலு உள்ள இரைச்சல் அது. போனில் உள்ள அலைமாலை காட்டும் செயலியில் ஸ்தாயிக்கொரு பட்டையாக வைத்துப் பார்த்தால், பெட்டி எங்கே சாய்கிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சாய்வு பெட்டியில் பிறப்பது. ஆகவே இங்கே, பெட்டிக்கு முன்னால், ஈக்வலைசர் வைப்பது முற்றிலும் நியாயம். நான் ஈக்வலைசருக்கு எதிரியல்ல.

கடைசியாக, வீடுகளில் பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசிக்குப் பின்னாலும் காந்தமும் சுருளும் உண்டு. அதுவும் ஒரு டைனமோதான். பள்ளத்தின் அசைவை வகையிட்டுத் தருகிறது. வெட்டும்போது கீழ்த்தொனிகளை அப்படியே விட்டால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே கீழ்த்தொனிகளைக் குறைத்தும் மேல்தொனிகளை ஏற்றியும் வெட்டினார்கள். போடும்போது அதற்கு நேரெதிராகத் திருப்ப வேண்டும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு பிறகு உலகமெங்கும் பரவியது. அதன்படி 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைப்பு, 20,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் ஏற்றம். அதற்கு முந்திய 78 சுற்றுத் தட்டுகளில் கம்பனிக்கு ஒரு வளைகோடு. 1925-க்கு முன்பு, மின்கருவி இல்லாமல் வெறும் குழலுக்குள் பாடி வெட்டிய தட்டுகளுக்கு வளைகோடே இல்லை.

இராசரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரத் தட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். அதைக் கணினிக்கு மாற்றும்போது, இப்போதைய பிளேயரில் போட்டால் அது ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோட்டைத் தானாகவே போட்டுவிடும். அந்தத் தட்டு வெட்டப்பட்ட வளைகோடு அதுவாக இருக்காது. பாரி நாதஸ்வரத்தின் அடிக்குரலில் அளவுக்கு மிஞ்சிய கனம் ஏறலாம், சீவாளியின் கூர்மை மழுங்கலாம். பிறகு யாராவது காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று மேலே இன்னொரு திருத்தம் செய்வார்கள். இரண்டு திருத்தமும் கலந்த பிறகு எது தட்டு, எது திருத்தம் என்று பிரிக்க முடியாது. கூடுமானவரை வளைகோடு எதுவும் போடாத, ஊசி தந்தபடியே உள்ள ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். தட்டின் கம்பனிப் பெயர், இலக்கம், சுற்று வேகம் மூன்றையும் அந்தக் கோப்போடு எழுதிவையுங்கள். வளைகோட்டை அதிலிருந்து எப்போதும் கணக்கிட்டுப் போடலாம். நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. அங்கே கொடுக்கும்போது திருத்திய பிரதியோடு இந்தத் திருத்தாத பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தந்துவிட்டு உட்காருகிறேன். 65 ஹேர்ட்ஸிலிருந்து 523 ஹேர்ட்ஸ் வரை, மூன்று ஸ்தாயிக்கு வழுக்கிப் போகும் முக்கோண அலை ஒன்றை எழுதுங்கள். பெருக்கலை ஒரு தடவை கூட்டலுக்குப் பின்னாலும், ஒரு தடவை முன்னாலும் வையுங்கள். காதால் கேட்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பத்திலொரு வினாடிக்கும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து வரைபடம் கீறுங்கள். முன்னால் வைத்ததில் கோடு மூன்றிலொன்றை ஒட்டிப் படுக்கையாக ஓட வேண்டும். ஓடாவிட்டால், வரைபடத்தையும் நிரலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.